முதலாண்டுக் கல்லூரி மாணவரும் மனச்சுமையும்

(பங்கின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் - இளைஞர் கூட்டத்தில், பங்கைச் சேர்ந்த கல்லூரி ஆசிரியர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

வெள்ளி விழா என்றால் கடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்ப்பது வழக்கம். கோயில் கட்டியது, கெபி எழுப்பியது, பள்ளிக்குக் கூடுதல் வகுப்பறை கட்டியது எல்லாம் இம்மலரின் மற்றப் பக்கங்களில் வரும். கல்லூரிகளில் பாடம் சொல்லித் தரும் நாங்கள் வேறொரு வளர்ச்சியை இங்கே சுட்ட விரும்புகிறோம். ஒரு தலைமுறைக்கு முன் நம் தெருக்களில் கல்லூரிக்குச் சென்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பாத வீட்டைத்தான் தேட வேண்டியிருக்கிறது. பல வீடுகளில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அந்தப் பிள்ளைதான். முதல் தலைமுறைப் பட்டதாரி மாணவர்களுக்குத் தொழிற்கல்லூரிகளில் கல்விக் கட்டணச் சலுகை தரும் திட்டத்தை 2010-இல் தமிழக அரசு கொண்டு வந்ததும் இத்தகைய வீடுகளை மனத்தில் வைத்துத்தான்.

பெருமைப்பட வேண்டிய செய்திதான் இது. ஆனால் இந்தப் பெருமைக்குப் பின்னால் ஒரு வேதனையும் மறைந்திருக்கிறது. கல்லூரியில் இடம் கிடைத்ததும் புதுச் சட்டை எடுத்து, உறவினர்களுக்கு இனிப்புக் கொடுத்து, மகிழ்ச்சியோடு அனுப்பி வைக்கிறோம். மூன்று நான்கு மாதங்கள் கழித்து அதே பிள்ளை பெட்டியோடு வாசலில் வந்து நிற்கிறான். “எனக்குப் படிப்பு வேண்டாம்” என்கிறான். காரணம் கேட்டால் பதில் இல்லை. சில வீடுகளில் பெட்டியோடு வந்து நிற்கும் அளவுக்குக் கூடப் பிள்ளைக்குத் தைரியம் இல்லை; அவன் உள்ளுக்குள்ளேயே உடைந்து போகிறான். இது ஏன் நடக்கிறது? இதைத் தாங்கிக் கடந்து வருகிற மாணவர்கள் எவ்வாறு கடந்து வருகிறார்கள்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் எங்களுக்குத் தெரிந்த விடையை உங்கள் முன் வைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதலாண்டு மாணவனை வீழ்த்துவது பாடத்தின் கடினத்தை விட, “எனக்கு மட்டும்தான் இது புரியவில்லை” என்ற தனிமை எண்ணமே. அதை உடைக்கிற எந்த வழியும் அவனைக் காக்கும். அதை வளர்க்கிற எந்தச் சொல்லும் அவனைத் தள்ளிவிடும்.

மாற்றத்தின் அளவு

பள்ளியையும் கல்லூரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பள்ளியில் ஒரு பாடத்துக்கு அச்சிட்ட ஒரு புத்தகம். அதிலிருந்துதான் கேள்வி வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர் வரிக்கு வரி சொல்லித் தருவார். வாரந்தோறும் தேர்வு வைப்பார். மாலையில் நிறுத்தி வைத்துப் படிக்க வைப்பார். மேல்நிலைத் தேர்வில் 600-க்கு எத்தனை என்பதே பிள்ளையின் அடையாளமாகிவிடுகிறது. கல்லூரியில் விரிவுரையாளர் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவார். எதைக் குறிப்பெடுப்பது, எந்த நூலைப் புரட்டுவது, எவ்வளவு படித்தால் போதும் என்பதை மாணவனே முடிவு செய்ய வேண்டும். பருவத்துக்கு ஏறத்தாழ 90 வேலை நாட்கள். பல கலை, அறிவியல் கல்லூரிகளில் அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண், பருவத் தேர்வுக்கு 75 மதிப்பெண். கட்டடத்தின் வழி பழகுவதற்குள், சேர்ந்த சில வாரங்களிலேயே முதல் உள்தேர்வு வந்து நிற்கும்.

இங்கே கூடியிருக்கும் பெரியவர்களில் சிலர் புகுமுக வகுப்பு படித்தவர்கள். பள்ளி முடித்துக் கல்லூரிக்கு வந்து, அங்கே ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்து, அதன் பிறகே பட்டப்படிப்பில் சேர்வார்கள். 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்ததும் அந்த வகுப்பு மறைந்தது. பதினொன்றும் பன்னிரண்டும் பள்ளிக்கே வந்துவிட்டன. வீட்டருகிலேயே இரண்டாண்டு கூடுதலாகப் படிக்க முடிந்ததால், ஏழைப் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவிதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அன்றைய மாணவனுக்குக் கல்லூரியின் நடையையும் ஆங்கில விரிவுரையையும் பழகிக்கொள்ள முழுதாக ஓராண்டு கிடைத்தது. இன்றைய மாணவன் அதைச் சில வாரங்களில் பழகிக்கொண்டாக வேண்டும். ஆகவே, “நாங்கள் படிக்கவில்லையா? எங்களுக்கு இப்படியெல்லாம் வந்ததா?” என்று பெரியவர்கள் கேட்கும்போது, இந்தக் கணக்கையும் சேர்த்து நினைத்துப் பார்ப்பது நியாயம்.

மொழி என்னும் மதில்

அடுத்தது ஆங்கிலம். தமிழ் வழியில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை இயற்பியல் வகுப்பில் உட்காருகிறான். விரிவுரையாளர் ‘போர்ஸ்’ என்கிறார், ‘அக்சலரேஷன்’ என்கிறார், ‘மொமெண்டம்’ என்கிறார். பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. விசை, முடுக்கம், உந்தம் என்று இவற்றையே அவன் பள்ளியில் கணக்குப் போட்டுத் தேறியிருக்கிறான். ‘போட்டோசிந்தசிஸ்’ என்பதைக் கேட்டு மிரண்டு போகிற மாணவி ஒளிச்சேர்க்கையைப் படம் வரைந்து விளக்கத் தெரிந்தவள்தான். பொருள் தெரியும், பெயர்தான் புதிது. ஆனால் அவர்கள் இவ்வாறு எண்ணுவதில்லை. “எனக்கு அறிவு போதாது” என்று தங்களைத் தாங்களே தீர்ப்பிட்டுக் கொள்கிறார்கள்.

இந்த மதிலைத் தாண்ட நாங்கள் மாணவர்களுக்குச் சொல்லும் வழி மிகவும் எளிது. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் வகுப்பில் காதில் விழுந்த ஆங்கிலச் சொல், வலப்பக்கம் பள்ளியில் படித்த தமிழ்ச் சொல். நாளுக்குப் பத்துச் சொல் எழுதினால் போதும். ஒரு மாதத்தில் முந்நூறு சொற்கள் சேர்ந்துவிடும். விரிவுரை பிடிபடத் தொடங்க அது பெரிதும் உதவும். மேலும், கலை, அறிவியல் படிப்புகளில் பல பாடங்களைத் தமிழிலேயே எழுத வழியுண்டு. பொறியியலிலும் கட்டடவியல், இயந்திரவியல் ஆகிய இரண்டையும் தமிழ் வழியில் கற்பிக்க அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் ஏற்பாடு செய்தது. சேரும்போதே இதை விசாரித்துக் கொள்வது பெற்றோரின் கடமை.

உடல் சொல்லும் செய்தி

மனச்சுமை என்பது மனத்தோடு நின்றுவிடுவதில்லை. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஆய்வு செய்த ஹான்ஸ் செல்யே என்னும் மருத்துவ அறிஞர் 1936-இல் ஓர் உண்மையை எடுத்துச் சொன்னார். உடலைத் தாக்கும் துன்பம் எத்தகையதாயினும், அதை எதிர்கொள்ள உடல் ஒரே விதமான ஆயத்தத்தில் இறங்குகிறது. அந்த ஆயத்தம் நெடுநாள் நீடித்தால் உடலே தளர்ந்து விடுகிறது என்பது அவர் கண்டது. தேர்வு நெருங்கும்போது நெஞ்சு படபடப்பதும், உள்ளங்கை வியர்ப்பதும் இந்த ஆயத்தம்தான். சிறிதளவு இருந்தால் அது நல்லது. மாணவனைப் புத்தகத்தின் முன் உட்கார வைக்கும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் பசி குறையும், தூக்கம் கெடும், படித்தது மனத்தில் நிற்காது. படித்தது நிற்காததால் பயம் கூடும்; பயம் கூடுவதால் தூக்கம் இன்னும் கெடும்.

பெற்றோர் இதை வேறு பெயரில் பார்க்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி, ஓயாத தலைவலி, காரணமில்லாத எரிச்சல், எந்நேரமும் கைப்பேசியில் மூழ்கிக் கிடப்பது. “சோம்பேறி ஆகிவிட்டான்”, “திமிர் பிடித்துவிட்டது” என்று சொல்லிவிடுகிறோம். பல நேரங்களில் அது திமிரல்ல. பயத்தின் மறு உருவம்.

மூன்று வகை மாணவர்

இந்தச் சுமையை முதலாண்டு மாணவர்கள் எதிர்கொள்ளும் விதத்தில் மூன்று வகையை நாங்கள் ஆண்டுதோறும் காண்கிறோம்.

முதல் வகையினர் ஓடி ஒளிகிறவர்கள். புரியாத வகுப்பைத் தவிர்ப்பார்கள். கைப்பேசியில் படம், விளையாட்டு என்று இரவைக் கழிப்பார்கள். தேர்வுக்கு முந்தின இரவு தேநீரைக் குடித்து விடிய விடிய விழித்திருப்பார்கள். சிலர் தீய பழக்கங்களில் ஆறுதல் தேடுவார்கள். அந்த நேரத்துக்குச் சுமை மறந்துவிடும். மறுநாள் இரு மடங்காகித் திரும்பி வரும்.

இரண்டாம் வகையினர் பல்லைக் கடித்துக்கொண்டு தனியாகப் போராடுகிறவர்கள். இவர்கள்தான் எங்களுக்கு அதிகக் கவலை தருகிறவர்கள். ஏனெனில் இவர்கள் நல்ல பிள்ளைகள். பள்ளியில் முதலிடம் பெற்றவர்கள். யாரிடமும் சந்தேகம் கேட்கக் கூசுவார்கள். கேட்டால் மட்டமாக நினைப்பார்களோ என்ற அச்சம். எங்களுக்குத் தெரிந்த மாணவன் ஒருவன், மேல்நிலையில் 600-க்கு 540-க்கு மேல் வாங்கியவன். முதல் உள்தேர்வில் அவனுக்குக் கிடைத்தது 25-க்கு 9. விடைத்தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வீட்டுக்குப் பேசும்போது “நன்றாகப் போகிறது” என்றான். நாள்தோறும் நள்ளிரவு வரை தனியே படித்தான். இரண்டாம் உள்தேர்வில் கிடைத்தது 8. அடுத்த வாரம் விடுதியைக் காலி செய்யப் பெட்டியைக் கட்டிவிட்டான். அவனைத் தடுத்து நிறுத்தியது பக்கத்துக் கட்டிலில் இருந்த நண்பன் சொன்ன ஒரே செய்தி: “எனக்கு 7தான்டா.” அன்றிரவு இருவரும் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மறுநாள் நால்வர் ஆனார்கள். அந்த நால்வரும் பட்டம் பெற்று வெளியே சென்றார்கள். அவர்களுக்குப் புதிதாக யாரும் அறிவைக் கொடுக்கவில்லை. தாங்கள் மட்டும் தோற்கவில்லை என்பது தெரிந்தது. அதுவே அவர்களைச் சேர்ந்து உட்கார வைத்தது.

மூன்றாம் வகையினர் இவ்வாறு துணையோடு சுமையைக் கையாளுகிறவர்கள். இவர்களே பெரும்பாலும் கரை சேர்கிறார்கள்.

இது எங்கள் அனுபவம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் பெர்க்கிலி நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1970-களில் யூரி டிரைஸ்மன் என்னும் கணித ஆசிரியர் ஒரு கேள்வியை ஆராய்ந்தார். கறுப்பின மாணவர்கள் பலர் பள்ளியில் சிறந்து விளங்கியும், முதலாண்டு நுண்கணிதத்தில் ஏன் தோற்கிறார்கள்? ஆர்வம் இல்லை, வீட்டில் ஆதரவு இல்லை என்று மற்றவர்கள் சொன்ன காரணங்கள் எதுவும் ஆராய்ந்தபோது பொருந்தவில்லை. அவர்கள் உழைத்தார்கள், ஆனால் தனித்தனியே உழைத்தார்கள். அதே வகுப்பில் நன்கு தேறிய சீன வமிசத்து மாணவர்களோ தனியே படித்துவிட்டு, மாலையில் ஒன்றாகக் கூடி, சேர்ந்து உண்டு, ஒருவர் போட்ட கணக்கை மற்றவர் சரிபார்த்தார்கள். டிரைஸ்மன் உடனே ஒரு கூட்டுப் பயிற்சியைத் தொடங்கினார். பின்தங்கியவர்கள் என்று இரங்கி எளிய கணக்குகளைக் கொடுக்கவில்லை. கடினமான கணக்குகளையே கொடுத்து, சேர்ந்து போடச் செய்தார். அதில் கலந்துகொண்ட மாணவர்கள் நன்கு தேறினார்கள். அம்முறை பிறகு வேறு பல கல்லூரிகளுக்கும் பரவியது.

அதே நாட்டில் வால்டன், கோஹன் என்னும் இரு உளவியலாளர் 2011-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வும் நினைக்கத்தக்கது. முதலாண்டு மாணவர்களுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயிற்சி ஒன்றை அவர்கள் கொடுத்தார்கள். “முதலாண்டில் நாங்களும் இந்த இடத்துக்கு உரியவர்கள்தானா என்று கலங்கினோம், நாளடைவில் அது மாறியது” என்ற கருத்துடைய மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படிக்கச் செய்தார்கள், தங்கள் அனுபவத்தையும் எழுதச் செய்தார்கள். அவ்வளவே. அந்தப் பயிற்சி பெற்ற கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்றாண்டுகளிலும் உயர்ந்தன; உடல்நலம்கூட மேம்பட்டதாக அவர்கள் தெரிவித்தார்கள். “இது எல்லோருக்கும் வருவது, போய்விடுவது” என்ற சொல்லை, நம்பத்தக்க ஒருவர் வாயிலிருந்து, உரிய காலத்தில் கேட்பதற்கு இத்தனை வலிமை உண்டு.

மாணவர்களுக்கு

இளைஞர்களே, இளம்பெண்களே! உங்களுக்குச் சில சொற்கள்.

முதலாவது, முதல் மாதத்திலேயே கேளுங்கள். புரியாததை வகுப்பில் எழுந்து கேட்க நாணமாக இருந்தால், வகுப்பு முடிந்ததும் ஆசிரியரின் அறை வாசலில் வந்து நில்லுங்கள். கேட்க வந்த மாணவனை மட்டமாக எண்ணுகிற ஆசிரியர் அரிதிலும் அரிது.

இரண்டாவது, மூவர் நால்வராகச் சேர்ந்து படியுங்கள். முதலில் தனியே படித்துவிட்டு வாருங்கள்; பிறகு கூடுங்கள். ஒருவர் மற்றவருக்கு விளக்கிச் சொல்லுங்கள். சொல்லத் தடுமாறும் இடம்தான் உங்களுக்குப் புரியாத இடம்.

மூன்றாவது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுகூர்ந்து பாருங்கள். திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்களை விட, ஒருமுறை வாசித்துப் பின் பாராமல் எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள் என்று ரோடிகர், கார்பிக்கி என்பவர்கள் 2006-இல் ஆய்ந்து காட்டினார்கள். நம் முன்னோர் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒப்புவிக்கச் சொன்னது வீண்போகவில்லை.

நான்காவது, தூக்கத்தை விற்றுப் படிப்பை வாங்காதீர்கள். பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்துவது தூக்கத்தில்தான். இரவு முழுதும் விழித்தவன் தேர்வு அறையில் பாதியை மறப்பான்.

ஐந்தாவது, ஒரு தாளில் தவறிவிட்டால் உலகம் முடிந்துவிடாது. மாணவர் வழக்கில் ‘அரியர்’ என்று சொல்லப்படும் அந்தத் தாளை அடுத்து வரும் வாய்ப்பில் மீண்டும் எழுதலாம். பட்டம் பெற்று நல்ல வேலையில் இருப்பவர்களில் அரியர் எழுதியவர்கள் ஏராளம். ஆனால் அதை மறைத்துச் சேர்த்து வைக்காதீர்கள். ஒன்று இருக்கும்போதே வீட்டில் சொல்லுங்கள். ஒன்றைச் சொல்வது எளிது. ஆறைச் சொல்வது கடினம்.

பெற்றோருக்கு

பெற்றோர்களே! உங்கள் உழைப்பை நாங்கள் அறிவோம். நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, வயிற்றைக் கட்டிப் படிக்க வைக்கிறீர்கள். இது பிள்ளைக்கும் தெரியும். தெரிந்ததை நாள்தோறும் சொல்லிக் காட்டும்போது அது அறிவுரையாக அவன் காதில் விழுவதில்லை. கடனாக அவன் தலையில் ஏறுகிறது. வீட்டுக் கணக்கை ஒருமுறை அமர்ந்து பேசுங்கள். எவ்வளவு கடன், எப்படி அடைப்போம் என்று சொல்லுங்கள். உண்மைக் கணக்கைத் தாங்கும் வலிமை பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு உண்டு. அளவு தெரியாத கடன்தான் அச்சுறுத்தும்.

அரசு உதவிகளையும் கேட்டுப் பெறுங்கள். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி பயிலும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இல் தொடங்கியது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இவற்றின் பயனைப் பெற வழி செய்யப்பட்டது. கல்லூரி அலுவலகத்தில் விசாரியுங்கள். உணவுக்கும் பேருந்துக்கும் கையில் காசு இருப்பது எவ்வளவு பெரிய கவலையைக் குறைக்கும் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

தொலைபேசியில் பேசும்போது முதல் கேள்வியாக மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். “சாப்பிட்டாயா? யாரோடு சாப்பிட்டாய்?” என்று கேளுங்கள். யாரோடு என்ற கேள்விக்குப் பிள்ளையிடம் பெயர் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. வாரக்கணக்கில் ஒரு பெயரும் வராவிட்டால் ஒரு நடை போய்ப் பாருங்கள். எதிர்வீட்டுப் பையனோடு ஒப்பிடுவதை அறவே விட்டுவிடுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். விடியற்காலைப் பேருந்தில் ஏறி, இரண்டு பேருந்து மாறிக் கல்லூரிக்குப் போய், விளக்கு வைத்த பிறகு வீடு திரும்புகிற பெண்ணிடம், வந்ததும் வராததுமாகப் பாத்திரத்தையும் துடைப்பத்தையும் கொடுக்கிறோம். அதே வீட்டில் அவள் அண்ணன் படிப்பதற்கென்று தொலைக்காட்சியை நிறுத்துகிறோம். இருவருக்கும் அதே பருவத் தேர்வுதான். அதே 75 மதிப்பெண்தான். மகளுக்கும் மாலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். வீட்டு வேலையில் மகனுக்கும் பங்கு கொடுங்கள்.

மௌனம் ஆபத்தாகும்போது

இனிச் சொல்லப் போவது கேட்பதற்குக் கசப்பானது. ஆனாலும் சொல்லியாக வேண்டியது. சில பிள்ளைகளின் சுமை நாம் இதுவரை சொன்ன அளவோடு நிற்பதில்லை. நாட்கணக்கில் உண்ணாமை, உறங்காமை, நண்பர்களை விட்டு விலகுதல், தனக்குப் பிடித்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், “நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி” என்பது போன்ற பேச்சு - இவற்றைக் கண்டால் காலம் தாழ்த்தலாகாது. “சாக வேண்டும் போல் தோன்றுகிறதா?” என்று அன்போடு நேராகக் கேட்கலாம். கேட்பதனால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்ற ஆறுதலே உண்டாகும். கேட்டபின் பிள்ளையைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

காவல் நிலையம், வழக்கு என்ற அச்சத்தால் பலர் மறைக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது. ஆகவே மறைக்கத் தேவையில்லை. மைய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, இரவும் பகலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். சென்னையில் சினேகா என்னும் அமைப்பு 1986 முதல் இத்தொண்டைச் செய்து வருகிறது. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் அடுத்த வீட்டுக்குத் தேவைப்படலாம்.

பகடிவதையால் துன்புறும் பிள்ளைகளும் உண்டு. சிதம்பரத்தில் 1996-இல் ஒரு மருத்துவ மாணவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின், 1997-இல் தமிழகம் பகடிவதையைத் தடை செய்து சட்டம் இயற்றியது. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் நாடு முழுமைக்கும் கடுமையான விதிகளை வகுத்தது. “விளையாட்டுக்குத்தானே” என்று பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். கல்லூரி முதல்வருக்கு உடனே எழுத்தில் கொடுங்கள்.

நம் பங்கு செய்யக் கூடியது

இறுதியாக, பங்கு மக்களாகிய நாம் என்ன செய்யலாம்? பெரும் பணம் வேண்டியதில்லை. நமது மன்றம் மாலை வேளைகளில் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கிறது. வார நாட்களில் மாலை ஆறு முதல் ஒன்பது வரை அதைத் திறந்து வைத்து, நான்கு மேசைகளும் விளக்குகளும் போட்டால், வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைகள் அங்கே சேர்ந்து படிப்பார்கள். மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும், இரண்டாம் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் முதலாண்டினரோடு ஒரு மணி நேரம் உட்காரட்டும். அறிவுரை சொல்ல வேண்டாம். தங்கள் முதலாண்டு எப்படி இருந்தது என்று உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். வாரம் ஒருநாள் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் வரலாம். கல்லூரி ஆசிரியர்களாகிய நாங்கள் முறை வைத்துக்கொண்டு வர ஆயத்தமாக இருக்கிறோம் என்பதை இந்த மேடையிலேயே தெரிவிக்கிறோம்.

பழைய சாலை ஓரங்களில் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். நிறுத்திய இரண்டு கல்லின் மேல் படுக்க வைத்த ஒரு கல். தலைச்சுமையோடு நெடுவழி நடப்பவர், இறக்கிவிட ஆள் தேடாமல், சுமையை அதன் மேல் சாய்த்து வைத்துச் சற்று மூச்சு வாங்குவார். பிறகு தாமே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பார். சுமைதாங்கி யாருடைய சுமையையும் தூக்கிக்கொண்டு போவதில்லை. ஆனால் அது இல்லாத வழியில் பாதியிலேயே சுமையைப் போட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. நம் பிள்ளைகளின் படிப்பை நாம் படிக்க முடியாது. அவர்கள் தேர்வை நாம் எழுத முடியாது. அவர்கள் மூச்சு வாங்க ஓர் இடம் அமைத்துக் கொடுக்க முடியும்.

வரும் கல்வி ஆண்டில் நம் பங்கிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் இளைஞர் குழுவினர் எழுதி வைக்கட்டும். முதல் மூன்று மாதங்கள் ஒவ்வொருவரையும் யாராவது ஒருவர் வாரம் ஒருமுறை விசாரிக்கட்டும். இந்த வெள்ளி விழா ஆண்டில் அந்தப் பட்டியல் ஒன்று தொடங்கினால், அடுத்த தலைமுறைக்கு நாம் விட்டுச் செல்லும் நல்லதொரு சொத்தாக அது விளங்கும்.